பாரம் இழுக்கும் வண்டி: அமெரிக்க நடுத்தர டிரக்கின் நூறாண்டு

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு டிரக்கிலும் ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒரு சிறு பட்டை ஒட்டப்பட்டிருக்கும். வண்டியின் சொந்த எடை, எரிபொருள், ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை அது தாங்கலாம் என்பதையும், முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே எவ்வளவு சுமக்கலாம் என்பதையும் அந்தப் பட்டை சொல்கிறது. தாங்கெடை என்று சொல்லத்தக்க இந்த உச்சவரம்பை வைத்தே அந்நாட்டில் வண்டிகள் 8 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வீடுகளில் நிற்கும் பிக்கப்புகள் முதல் 3 வகுப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 33,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 15 டன்னுக்கு, மேற்பட்ட நெடுந்தொலைவுப் பெருவண்டிகள் 8ஆம் வகுப்பில் வருகின்றன. இரண்டுக்கும் இடையில் 14,000 பவுண்டுக்கு மேல் 33,000 பவுண்டு வரை தாங்கும் 4 முதல் 7 வரையிலான வகுப்புகளையே வண்டித் தொழிலில் உள்ளவர்கள் நடுத்தர டிரக் என்று குறிப்பிடுகின்றனர். வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் பெட்டி வண்டியும், சிறு ஊர்களின் தீயணைப்பு வண்டியும், தானியம் அள்ளும் பண்ணை வண்டியும் பெரும்பாலும் இந்த வகுப்புகளின் சேசிஸ் மேல் கட்டப்பட்டவை. இத்தகைய அன்றாட வேலைகளுக்காகப் பிறந்த வண்டி, குதிரைகளையும் சக்கர வீடுகளையும் அறுவடை இயந்திரங்களையும் பின்னால் கட்டி இழுப்போரின் விருப்ப வண்டியாகவும் மாறியது எப்படி என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இந்த வரலாற்றில் எஞ்சினுக்குக் கிடைத்த புகழ் இணைப்புக்கும் அச்சுக்கும் பிரேக்குக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் எவ்வளவு பாரத்தை எந்த வண்டி இழுக்கலாம் என்பதைக் கடைசியில் தீர்மானித்தவை இந்த மூன்றுமே ஆகும்.

இழுவையின் கதை டெட்ராய்ட் நகரின் ஒரு கொல்லுப்பட்டறையில் தொடங்குகிறது. 1914ஆம் ஆண்டில் பிரெடரிக் சிப்லி என்ற மர வியாபாரி, மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் இருந்த தம் கோடைக்கால இருப்பிடத்துக்குப் படகு ஒன்றைக் கொண்டு செல்ல வழி கேட்டு, ஆகஸ்ட் ஃபுருஹாஃப் என்ற கொல்லரை நாடினார். சிப்லியிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி கார். படகை அதன் மேல் ஏற்ற இயலாது என்பதால், இரு சக்கரங்களும் நீண்ட சட்டமும் கொண்ட ஒரு வண்டியைச் செய்து, அதன் முன்முனையைக் காரின் பின்பகுதி தாங்குமாறு ஃபுருஹாஃப் இணைத்துக் கொடுத்தார். பாரத்தின் ஒரு பகுதியைத் தன் சக்கரத்திலும் மீதியை இழுக்கும் வண்டியின் முதுகிலும் வைக்கும் இந்த அமைப்பு அரை டிரெய்லர் எனப் பெயர் பெற்றது. படகுக்காகச் செய்ததன் பயனைக் கண்ட சிப்லி, தம் மரக்கிடங்குக்கும் அதே போன்ற வண்டிகளைக் கேட்டார். 1918இல் ஃபுருஹாஃப் டிரெய்லர் நிறுவனம் உருவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி.டி. என்ற ஒரு டன் டிரக்கை விற்கத் தொடங்கியிருந்தது. இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒன்றையொன்று எதிர்பார்த்து வளர்ந்தன.

பாரத்தின் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியின் முதுகில் வைப்பது எளிய உத்தியாகத் தோன்றினாலும், அதன் இயந்திரவியல் உண்மை ஆழமானது. டிரெய்லரின் முன்முனையை வண்டியின் பின்புறப் பம்பருக்கு அப்பால் ஒரு கொக்கியில் மாட்டினால், அந்த எடை பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. பின் அச்சு தாங்குபுள்ளியாகி, முன் சக்கரங்கள் சாலையிலிருந்து மேலெழ முனைகின்றன. திசைமாற்றும் பிடிப்பும் முன் பிரேக்கின் பிடிப்பும் குறைகின்றன. பக்கக் காற்று அடித்தால் டிரெய்லர் வாலாடுகிறது. அதே எடையைப் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சில அங்குலம் முன்னால், வைத்துவிட்டால் நான்கு சக்கரங்களும் தரையை அழுத்தி நிற்கின்றன. மாட்டு வண்டியில் முன்பாரமும் பின்பாரமும் பார்த்து மூட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்ட வளையத்துக்கு ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அதே பெயரில், டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த முளை ஒன்றைப் பிளவுபட்ட இரும்புத் தட்டு கவ்விப் பிடிக்கும் இணைப்பு 1910களிலும் 1920களிலும் படிப்படியாகச் செம்மைப்பட்டது. இன்று பெருவண்டிகளில் காணப்படும் அந்த முளையின் பொதுவான விட்டம் 2 அங்குலம் மட்டுமே. பல டன் சரக்கு அந்த 2 அங்குல எஃகை நம்பி மலையேறுகிறது.

இந்த இணைப்பைச் சரக்கு உலகிலிருந்து குடும்பப் பயண உலகுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ். விமானத் தொழிலிலிருந்து ஒதுங்கிய பின் 1920களின் கடைசியில் அவர் ஏரோகார் என்ற பெயரில் இலகுவான பயண டிரெய்லர்களைச் செய்தார். அவற்றின் முன்பகுதி நீண்டு வளைந்து காரின் பின்பகுதிக்கு மேல் வந்து அமர்ந்தது. இணைப்பின் நடுவில், காற்றடைத்த டயருடன் கூடிய ஒரு சக்கரத்தைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, டிரெய்லரின் முளையை அதன் நடுத்துளையில் இறக்கினார். சாலையின் குலுக்கலையெல்லாம் அந்த டயரே வாங்கிக்கொண்டது. 1930இல் கர்ட்டிஸ் காலமானார்; அவர் காட்டிய வழி பெரிதாகப் பரவவில்லை. பம்பர் கொக்கியில் மாட்டும் மலிவான டிரெய்லர்களே பல பத்தாண்டுகள் சந்தையை ஆண்டன. பின்னர், பிக்கப்பின் திறந்த தளத்தில் பின் அச்சுக்கு மேலே ஒரு பந்தைப் பொருத்தி, வாத்தின் கழுத்துப் போல் வளைந்து வரும் சட்டத்தை அதன் மேல் இறக்கும் கூஸ்நெக் இணைப்பைப் பண்ணையாளர்களும் கால்நடை வளர்ப்போரும் கைக்கொண்டபோதுதான், கர்ட்டிஸ் உணர்ந்திருந்த உண்மை ஊர்தோறும் சென்றது.

இதற்கிடையில் வண்டியே வளர்ந்துகொண்டிருந்தது. 1930களில் ஒன்றரை டன் வண்டி என்று அழைக்கப்பட்ட, பின் அச்சில் இரட்டைச் சக்கரம் பூண்ட ஃபோர்டு, செவ்ரோலே, இன்டர்நேஷனல் டிரக்குகள் பண்ணைகளில் குதிரைகளின் இடத்தைப் பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் ஜி.எம்.சி. நிறுவனத்தின் இரண்டரை டன் ராணுவ டிரக் 5 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டு, நடுத்தர அளவு வண்டியைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறையையே உருவாக்கியது. போர்க்காலத்திலேயே இழுவையின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வும் நடந்தது. 1944இல் எஃகு பங்கீட்டு முறையில் இருந்தபோது, மேசி ஹாரிஸ் நிறுவனம் தானே ஓடும் கதிரறுப்பு இயந்திரங்களில் 500ஐக் கூடுதலாகச் செய்ய அரசிடம் இசைவு பெற்றது. ஒவ்வோர் இயந்திரத்தையும் வாங்குபவர் குறைந்தது 2,000 ஏக்கர் அறுப்பதாக உறுதி தர வேண்டும் என்பது ஏற்பாடு. அறுவடைப் படை என்று பெயரிடப்பட்ட இந்த இயந்திரங்கள், தெற்கே கோதுமை முற்றும் காலத்தில் தொடங்கி, கதிர் முற்ற முற்ற வடக்கு நோக்கி நகர்ந்து, கனடா எல்லை வரை சென்றன. கதிரறுப்பு இயந்திரம் வயலில் தானே ஓடினாலும், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அதை ஏற்றவோ இழுக்கவோ டிரக் தேவைப்பட்டது. போருக்குப் பின்னும் இந்த வழக்கம் நின்றுவிடவில்லை. ஒப்பந்த அறுவடையாளர்கள் என்ற ஒரு தொழிற்கூட்டமே நிலைபெற்று, டெக்சாஸிலிருந்து மொன்டானா வரை ஆண்டுதோறும் இயந்திரம், தானிய வண்டி, தங்கும் டிரெய்லர் எல்லாவற்றையும் ஊர்வலமாக இழுத்துச் செல்லத் தொடங்கியது. பகலில் தானியம் ஏற்றி, இடம் பெயரும் நாளில் டிரெய்லர் இழுக்கும் ஒரே வண்டி அவர்களுக்கு வேண்டியிருந்தது. நடுத்தர டிரக்கின் இன்றைய குணம் உருவான இடம் இந்தச் சமவெளியே என்று கூறலாம்.

அந்தத் தேவைக்குச் சரியாக அமைந்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1962 முதல் 1978 வரை தயாரித்த லோட்ஸ்டார். பண்ணை டிராக்டர்களும் கதிரறுப்பு இயந்திரங்களும் செய்த அதே நிறுவனம் டிரக்கும் செய்ததால், விவசாயி ஒரே கடையில் இரண்டையும் வாங்கினார்; உதிரிப்பாகமும் அங்கேயே கிடைத்தது. தொடக்கத்தில் லோட்ஸ்டார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடின. வலிமை போதாத இடத்தில் இரட்டை வேகப் பின் அச்சு கைகொடுத்தது: ஈட்டன் நிறுவனத்தின் இந்த அச்சில் இரண்டு பல்விகிதங்கள் இருந்தன, கியர் கம்பியில் இருக்கும் ஒரு சிறு பொத்தானை இழுத்தோ அழுத்தியோ ஓட்டுநர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம், ஐந்து கியர் பெட்டி பத்து கியர் பெட்டியைப் போல் வேலை செய்யும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது முழு கியரையும் குறைக்காமல் அரைப் படி இறங்கிக்கொள்ள இதனால் முடிந்தது.

1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் கொண்டுவந்த டிடி466 என்ற டீசல் எஞ்சின், நடுத்தர டிரக் வரலாற்றின் பெருந்திருப்பம் ஆகும். 466 கன அங்குலம், அதாவது சுமார் 7.6 லிட்டர், கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் டர்போவும் கொண்ட இந்த எஞ்சினில், பிஸ்டன் ஓடும் உருளைகள் தனித்தனி உறைகளாக வார்ப்புக்குள் செருகப்பட்டிருந்தன. குளிர்விக்கும் நீர் அந்த உறைகளை நேரடியாகத் தொட்டு ஓடியது. தேய்ந்த உறையை மட்டும் உருவியெடுத்துப் புதியதைச் செருகலாம். அதற்காக எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. பல லட்சம் மைல் ஓடிய வண்டியைச் சேசிஸில் வைத்தபடியே புதுப்பிக்க முடிந்தது என்பது, பட்டறை நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் விவசாயிக்கு எத்தகைய விடுதலை என்பதைச் சமவெளியின் பரப்பை அறிந்தவர்களே உணர முடியும். 1973இன் எண்ணெய் நெருக்கடி டீசலுக்கு மேலும் வழிவிட்டது. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி என்பதால், காற்று மெலிந்த உயரங்களிலும் வலிமை அதிகம் குறைவதில்லை. டென்வருக்கு மேற்கே 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் 1973இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் வண்டிகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை இந்தத் தொழில் விலை கொடுத்துக் கற்றது. 1931இல் டீசல் எஞ்சினின் திறத்தை நாட்டுக்குக் காட்டும் பொருட்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் ஒரு டிரக்கை ஓட்டி வந்தார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது அதன் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பிழந்தன; கட்டுமீறி ஓடிய வண்டி, அடிவாரத்தில் இருப்புப்பாதையைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியை மயிரிழையில் தவறவிட்டு மறுபுறம் சென்றது. அந்த அச்சம் அவரை விட்டு அகலவில்லை. ஓய்வுபெற்ற பின் 1950களில் அவர், இறக்கத்தில் எரிபொருளை நிறுத்தி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றைச் சரியான கணத்தில் வெளியேற்றிவிடும் அமைப்பை உருவாக்கினார். வண்டியை ஓட்டும் எஞ்சினே காற்றை அழுத்தும் இயந்திரமாக மாறி வேகத்தை உறிஞ்சிக்கொண்டது. 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த எஞ்சின் பிரேக், அமெரிக்க மலைச்சாலைகளில் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. நடுத்தர எஞ்சின்களில் பலவற்றுக்கு இதைவிட எளியதான புகைக்குழாய் பிரேக் போதுமானதாக இருந்தது. புகை வெளியேறும் குழாயில் ஒரு தட்டை மூடி எதிரழுத்தம் உண்டாக்குவதே அதன் முறை.

சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கிலும் நடுத்தர டிரக்கின் மேன்மை தெரிகிறது. பிக்கப்புகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் உள்ளது. குழாய் உடைந்தால் பிடிப்பின் ஒரு பகுதி போய்விடும். நடுத்தர வகுப்பின் மேல்நிலை வண்டிகளில் கிடைக்கும் காற்று பிரேக்கில் நிலைமை தலைகீழ்: வலிய சுருள்வில் ஒன்று பின் சக்கரத்தின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கவே எப்போதும் முயல்கிறது, அழுத்தக் காற்றுதான் அதைத் தள்ளி விலக்கி வைத்திருக்கிறது, காற்று முழுதும் கசிந்தால் வண்டி தானே நின்றுவிடும். 1975இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசின் காற்று பிரேக் விதி, இத்தகைய அவசரப் பிடிப்பைப் புதிய வண்டிகளின் இன்றியமையாத அங்கமாக்கியது. ஆனால் சக்கர வீடுகளிலும் குதிரை டிரெய்லர்களிலும் மின்காந்தத்தால் இயங்கும் பிரேக்கே வழக்கத்தில் இருந்து வருவதால், காற்று பிரேக் டிரக்கை வாங்குபவர் அதன் காற்றழுத்தத்தை அளந்து டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவியைத் தனியே பொருத்திக்கொள்ள வேண்டும். இதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் பெரும்பிழை செய்கிறார்கள். பாரத்தில் பாதிக்கும் மேற்பட்டதைத் தாங்கும் சக்கரங்கள் பிரேக் இன்றி உருண்டு வருகின்றன என்றே அதற்குப் பொருள்.

வண்டியின் உருவத்தைச் செதுக்கியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் மாநிலங்களுக்கிடைச் சாலைகளில் ஓரச்சுக்கு 18,000 பவுண்டு, மொத்தம் 73,280 பவுண்டு என்று வரம்பிட்டது. 1974இல் அவை 20,000 என்றும் 80,000 என்றும் உயர்ந்தன. இவை பெருவண்டிகளை நோக்கியவை. நடுத்தர வகுப்பை நேரடியாகத் தொட்டது 1986இன் வணிக வண்டிப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 1992 ஏப்ரல் முதல், 26,001 பவுண்டும் அதற்கு மேலும் தாங்கெடை கொண்ட வண்டியை வணிகத்துக்காக ஓட்ட நாடு முழுவதற்கும் பொதுவான தனி உரிமம் கட்டாயமாயிற்று. இணைந்த வண்டிகளின் கூட்டுத் தாங்கெடை அந்த அளவை எட்டி, டிரெய்லரின் பங்கு 10,000 பவுண்டைத் தாண்டினால் மேலும் உயர்ந்த உரிமம் வேண்டும். விளைவாக 25,999 அல்லது 26,000 பவுண்டு என்று பட்டையில் அச்சிட்ட வண்டிகள் பெருகின. இதைவிட அதிகம் தாங்கக்கூடிய அச்சுகள் பூண்ட வண்டிகளும் காகிதத்தில் அந்த எண்ணோடு நின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு இழுப்போரைக் கூட்டரசின் உரிம விதி கட்டுப்படுத்தவில்லை. அந்தப் பொறுப்பு மாநிலங்களிடம் இருப்பதால், டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொந்த வண்டித் தொடருக்கு வணிகமல்லாத உயர்வகுப்பு உரிமம் கேட்கப்படுகிறது. வேறு பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். 15 டன்னை நெருங்கும் தொடரைப் பயிற்சியின்றி ஒருவர் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவர முடியும் என்பது வருந்தத்தக்க நிலையே.

வரியும் இவ்வாறே வண்டியின் வடிவத்துக்குள் புகுந்தது. முதல் உலகப் போரின் செலவுக்காக 1917இல் தொடங்கிய டிரக் வரி, பல மாற்றங்களுக்குப் பின் 1982இன் சட்டத்தால் சில்லறை விலையில் 12 சதவீதமாக நிலைபெற்றது. சரக்குத் தளத்துடன் விற்கப்படும் டிரக் 33,000 பவுண்டு வரை இவ்வரியிலிருந்து தப்பியது. முதன்மையாக இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. 2005இல்தான், தாங்கெடை 19,500 பவுண்டுக்கும் தொடரின் கூட்டெடை வரம்பு 33,000 பவுண்டுக்கும் மிகாத இழுவை வண்டிகள் விலக்குப் பெற்றன. ஒரே சேசிஸ், மேலே அமைந்த தளத்தையும் அதன் நோக்கத்தையும் பொறுத்து, வரி உள்ளதாகவும் வரி அற்றதாகவும் ஆகலாம் என்பதால், புது வண்டி வாங்குபவர் விற்பனைச் சீட்டில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியமாயிற்று.

1980களிலும் 1990களிலும் சக்கர வீடுகள் நீண்டு கனத்தன. குதிரை டிரெய்லர்களின் முன்பகுதியில் படுக்கையறையும் சமையலறையும் சேர்ந்தன. 20,000 பவுண்டு எடையுள்ள ஒரு டிரெய்லர் ஐந்தாம் சக்கர முறையில் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 4,000 பவுண்டை, இழுக்கும் வண்டியின் பின் அச்சின் மேல் இறக்குகிறது. 14,000 பவுண்டு தாங்கெடையுள்ள இரட்டைச் சக்கரப் பிக்கப்பின் சொந்த எடையே 8,000 பவுண்டைத் தாண்டும். குடும்பமும் இணைப்புத் தட்டும் கருவிப்பெட்டியும் கூடுதல் எரிபொருள் தொட்டியும் ஏறியபின் மிச்சம் அதிகமில்லை. நடுத்தர டிரக்கின் பின் அச்சோ பெரும்பாலும் 17,500 முதல் 21,000 பவுண்டு வரை தாங்குவது. சட்டம், வில், சக்கரம், பிரேக் அனைத்தும் அதற்கு ஏற்ற பருமன் உடையவை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் நடுத்தர வகுப்பை நாடினர். அவர்களுக்காக ஓக்லஹோமாவின் கிளின்டன் ஊரைச் சேர்ந்த ஸ்போர்ட்சேசிஸ் போன்ற நிறுவனங்கள், ஃபிரைட்லைனர் சேசிஸில் நான்கு கதவு அறையும் தாழ்ந்த தளமும் காற்றுப் பை தாங்கியும் பொருத்தி விற்றன. காலியாக ஓடும்போது நடுத்தர டிரக்கின் வில் உடம்பை உலுக்கும் என்பதால், பின் அச்சுக்குக் காற்றுப் பை வைப்பது வசதிக்காக மட்டுமன்றி டிரெய்லரின் சட்டத்தைக் காப்பதற்கும் உதவியது. 2004இல் இன்டர்நேஷனல் நிறுவனமே சி.எக்ஸ்.டி. என்ற, 9 அடி உயரமுள்ள பிக்கப் உருவத்து டிரக்கை டிடி466 எஞ்சினுடன் கொண்டுவந்தது. அது பார்வைக்கு ஈர்த்த அளவுக்கு வேலைக்கு ஈர்க்கவில்லை, 2008இல் நின்றுபோனது.

பிக்கப் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் ஏறியது. 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு அடி முறுக்குவிசையும், அதாவது அச்சைச் சுழற்றும் வலுவும், கொண்ட அந்த எஞ்சின் உண்மையில் நடுத்தர டிரக்குகளுக்கும் பண்ணை இயந்திரங்களுக்குமாக உருவாக்கப்பட்டது. அதே குடும்பத்து எஞ்சின்கள் பின்னர் ஜாம்ஷெட்பூரின் டாடா கம்மின்ஸ் ஆலையிலும் தயாராகி, தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் டாடா லாரிகளுக்குள்ளும் வந்தன. பிக்கப்புகளின் முறுக்குவிசை இன்று 1,000 பவுண்டு அடியைக் கடந்துவிட்டது. ஆயினும் பிக்கப்பில் 400 குதிரைத்திறனைத் தாண்டும் 6.7 லிட்டர் கம்மின்ஸ், நடுத்தர டிரக்கில் பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான் தரும்படி அமைக்கப்படுகிறது. வாங்குபவர்களில் பலர் இதைக் குறையாகக் கருதுவது சரியல்ல. நாள் முழுதும், ஆண்டு முழுதும் முழுப்பாரத்தில் உழைக்க வேண்டிய எஞ்சினைத் தன் எல்லைக்குள் நிறுத்துவதுதான் அதன் ஆயுளுக்கு உத்தரவாதம்; வார இறுதியில் சில மணிநேரம் மட்டும் முழு வலிமை காட்டும் வண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

இழுவைத் திறன் என்று விளம்பரங்களில் வந்த எண்கள் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தானே அளந்து தானே அறிவித்தவை. 2008இல் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொது அளவுமுறையை வெளியிட்டது. அதன் முதன்மைச் சோதனை, அரிசோனாவில் கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து மேலேறும் சாலையை மாதிரியாகக் கொண்டது: 11.4 மைல் நீளத்தில் ஏறத்தாழ 3,000 அடி ஏற்றம். வெளியே 100 பாரன்ஹீட் வெயில். குளிரூட்டி முழு அளவில் ஓட வேண்டும். ஒற்றைப் பின் சக்கர வண்டி மணிக்கு 40 மைலுக்கும், இரட்டைச் சக்கர வண்டி 35 மைலுக்கும் கீழே இறங்கக் கூடாது. டொயோட்டா 2011இல் இதை முதலில் ஏற்றது. பெரும் அமெரிக்க நிறுவனங்கள் சில ஆண்டுகள் தயங்கிய பின் பின்தொடர்ந்தன. பிக்கப்புகளுக்கான இந்த அளவுமுறை நல்லதே என்றாலும், ஒரு நாள் ஏற்றம் இருபது ஆண்டு உழைப்புக்குச் சான்றாகாது. நடுத்தர டிரக்கின் இழுவைத் திறனை ஒற்றை எண்ணாகச் சொல்லும் வழக்கம் அத்தொழிலில் இல்லை. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சின் பல்விகிதம், டயர் ஆகியவற்றை வேலைக்கேற்பத் தேர்ந்து, அவற்றின் கூட்டெடை வரம்பைக் கேட்டு வாங்குவதே முறை.

ஆகவே பழைய வண்டியைத் தேடுபவருக்கு முந்தைய உரிமையாளரின் வேலையே முதல் தடயமாகிறது. நகரத்தில் பெட்டி சுமந்த வண்டியில் அடிக்கடி காணப்படும் அலிசன் ஏ.டி.545 தானியங்கி கியர் பெட்டியில், எஞ்சினையும் கியரையும் நேராகப் பூட்டும் அமைப்பு கிடையாது; எண்ணெய் வழியே மட்டும் விசை கடப்பதால், நீண்ட ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது அது சூட்டில் திணறுகிறது, இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பும் குறைவாகவே கிடைக்கிறது. அதே கம்பெனியின் பிற்காலத்துப் பெட்டிகளில் பூட்டும் அமைப்பு உண்டு. நகர வண்டிகளுக்குப் பொருத்தப்படும் தாழ்வேகப் பின் அச்சு நெடுஞ்சாலையில் எஞ்சினைக் கதறவைக்கும். அதை மாற்றும் செலவு வண்டி விலையில் கணிசமான பங்கு. 22.5 அங்குலச் சக்கரத்தின் உயரம் டிரெய்லரின் முன்பகுதியைத் தூக்கி, எடையை டிரெய்லரின் பின் அச்சுகளின் மேல் சாய்த்துவிடுவதும் உண்டு. வாங்கியபின் முழுத் தொடரையும் ஏற்றி நிறுத்திப் பார்க்க, அயோவாவின் வால்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 1977இல் தொடங்கிய கேட் ஸ்கேல் எடைமேடைகள் டிரக் நிறுத்தங்கள் தோறும் உள்ளன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனி மேடைகள் ஒரே நேரத்தில் நிறுத்திச் சீட்டு தருவதால், ஊகத்துக்கு இடமில்லை.

2007இலும் 2010இலும் இறுகிய கூட்டரசின் புகை விதிகள் இந்தச் சந்தையை இரண்டாகப் பிளந்துள்ளன. கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் புதிய வண்டிகளின் புகையைப் பெரிதும் தூய்மையாக்கின. கூடவே உணரிகளும் பழுதுகளும் பெருகின. குறைந்த தூரம் ஓடி நாள் கணக்கில் நிற்கும் சொந்த இழுவை வண்டியில் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடேறுவதில்லை என்பதால், அது அடைத்துக்கொள்ளும் தொல்லை கூடுதல். இதனாலேயே இயந்திர முறையில் எரிபொருள் தெளிக்கும் பழைய டிடி466 வண்டிகளை நாடுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் கலிபோர்னியாவில் 2023 சனவரி முதல், 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் டிரக்குகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, 2010ஆம் ஆண்டு அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் இல்லையென்றால் பதிவு கிடைப்பதில்லை. கான்சாஸின் கோதுமை வயல்களில் இன்னும் உழைக்கும் அதே வண்டிக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை.